தொட்டால் இறுகும் உடம்பு

என் கணவருக்கு வாய் திறக்கவில்லை. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ரொட்டியைப் பிய்த்து வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார். தாடை கொஞ்சம்தான் இறங்கியது, அதற்கு மேல் வரவில்லை. "பல்லு வலிதான்லா, விடு" என்று பல்லுக்குள்ளேயே சொல்லிவிட்டு, ரொட்டியைக் காப்பியில் நனைத்து உறிஞ்சிக் குடித்துவிட்டுப் போனார். நானும் கடைவாய்ப் பல் என்றுதான் நினைத்தேன். பல் வலிக்கெல்லாம் யாராவது பயப்படுவார்களா?

இந்த நோயைப் பற்றித் தமிழில் படிக்க எனக்கு அப்போது எதுவும் கிடைக்கவில்லை. இப்போது உங்கள் வீட்டிலும் ஒருவர் இருட்டறையில் கிடக்கலாம். நீங்கள் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். அப்படி ஒருவர் இருந்தால் அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு மருத்துவம் தெரியாது. உட்கார்ந்து உட்கார்ந்து தெரிந்துகொண்டது மட்டும்தான்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. நாங்கள் மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்து லகாட்டில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் மாணிக்கம் ஈப்போவில் ஒரு பஸ் பட்டறையில் மெக்கானிக். நான் மெங்லெம்புவில் கச்சான் ஆலையில் நிலக்கடலை பொட்டலம் கட்டும் வேலையில் இருந்தேன். ஒரே மகள், செல்வி, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேருடைய வேலையும் காது கிழியும் சத்தத்தில்தான். வீட்டிலும் சத்தமாகத்தான் பேசிக்கொள்வோம். சத்தம் ஒரு மனிதரைக் கொல்லும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மறுநாள் கழுத்தும் பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு திரும்பினார். வயிறு பலகை மாதிரி இருந்தது. பல் வைத்தியரிடம் கூட்டிப் போனேன். சீனர், வயதானவர். வாயைத் திறக்கச் சொன்னார், திறக்கவில்லை. ஒரு தட்டையான குச்சியை உள்ளே விட்டதுதான் தாமதம், தாடை கிட்டிப் போட்டுக் குச்சியைக் கடித்துக்கொண்டது. பல் வைத்தியர் பின்னால் நகர்ந்து என்னைப் பார்த்தார். "புக்கான் கீகி" என்றார். மலாயில், பல் கோளாறு இல்லையாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்று அவரே வாசலுக்கு வந்து டாக்சியை நிறுத்தினார். காசும் வாங்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தவர் டாக்டர் சிதம்பரம் என்ற இளைஞர். செட்டிநாட்டுக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் ஈப்போதான். மெதுவாகப் பேசுவார். "சமீபத்துல ஏதாச்சும் காயம் பட்டுச்சா?" என்று கேட்டார். இவர் தலையை ஆட்டாமல் கையை ஆட்டி இல்லை என்றார். நானும் இல்லை என்றேன். எனக்குத் தெரிந்து இல்லைதான்.

மிஸ்ஸி (நர்ஸ்) ஒருத்தி, ரொக்கியா என்று பெயர், அவருடைய காலுறையைக் கழற்றினாள். ஒரு வாரமாக வீட்டில்கூட அவர் காலுறையோடுதான் நடந்தார். கேட்டதற்கு ஆணிக்கால் என்று சொல்லியிருந்தார். வலது பாதத்தில், விரல்களுக்குக் கீழே, ஒரு பெரிய கொப்புளம் உடைந்து சாம்பல் அடைத்துக் கறுத்துப் போயிருந்தது. ரொக்கியா டாக்டரைப் பார்த்தாள். இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அதை உங்களுக்கும் சொன்னால்தான் மீதி விளங்கும்.

அவருடைய அக்கா பாக்கியம், சுங்காய் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர். அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் சித்திரையில் பூக்குழி இறங்குவார்கள். செல்விக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்து பிழைத்ததற்காக இவர் மூன்று வருடம் இறங்குவதாக வேண்டிக்கொண்டிருந்தார். அது மூன்றாவது வருடம், இறங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. காப்புக் கட்டிய நாளிலிருந்து கவிச்சி இல்லை, பாய் தனி. நானும் செல்வியும் அறையில், அவர் கூடத்தில். என் கை தெரியாமல் பட்டால்கூடக் குளித்துவிட்டு வருவார். அவ்வளவு சுத்தமாக இருந்தார்.

அங்கே ஒரு பேச்சு உண்டு. விரதம் சரியாக இருந்தவனுக்குத் தீ சுடாது. சுட்டால் விரதம் கெட்டது. ஆம்பளை விரதம் கெட்டால் ஊர் யாரைப் பார்க்கும்? பெண்டாட்டியைத்தான் பார்க்கும். அதற்காகத்தான் கால் சுட்டதை மறைத்திருக்கிறார். நொண்டாமல் நடந்து, மாட்டுத் தொழுவத்துப் பக்கமாக வெறுங்காலோடு போய், யாரும் பார்க்காத இடத்தில் பூக்குழிச் சாம்பலையே எடுத்துக் காயத்தில் அப்பிக்கொண்டு வந்திருக்கிறார். என் பெயர் கெடக்கூடாது என்று உயிரைப் பணயம் வைத்திருக்கிறார் மனிதர். அவரைக் கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது, கன்னத்தில் ஒன்று போடவும் தோன்றியது. இரண்டும் செய்ய முடியவில்லை. அதற்குள் அவருக்கு முதல் இழுப்பு வந்துவிட்டது.

அதை விவரிக்க எனக்கு இன்றும் தெம்பு இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். தள்ளுவண்டி ஒன்று சுவரில் இடித்தது. அந்தச் சத்தத்துக்கு அவர் முதுகு வில்லாக வளைந்து, தலையும் குதிகாலும் மட்டும் கட்டிலில் பட, நடு உடம்பு மேலே எழும்பி நின்றது. முகத்தில் பல் தெரிந்தது, சிரிக்கிற மாதிரி. ஆனால் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

டெட்டனஸ் (ரண ஜன்னி, மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமி காயத்துக்குள் புகுந்து உண்டாக்கும் நோய்) என்றார் டாக்டர். பிழைப்பாரா என்று கேட்டேன். என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்.

"ஒங்க வீட்டுக்காரரு பஸ் மெக்கானிக்குன்னு சொன்னீங்கல்ல, அக்கா? பஸ்ஸுல ஆக்ஸிலேட்டரு மட்டும் இருந்து பிரேக்கு இல்லன்னா எப்படி இருக்கும்? அவரு முதுகுத்தண்டுக்குள்ள இப்ப அதான் நடக்குது."

அவர் தொடர்ந்தார்.

"நம்ம மேல ஒரு ஈ உக்காந்தாலும் அந்தச் சேதி முதுகுத்தண்டுக்குத்தான் போகுது. அங்க, 'இது சின்ன விஷயம், போதும், நிப்பாட்டு'ன்னு சொல்ற நரம்புங்க இருக்கு. அதுங்க ஒரு சொட்டு இரசாயனத்த அடுத்த நரம்பு மேல விடும். அது விழுந்தாத்தான் அடுத்தது அடங்கும். இந்தக் கிருமியோட விஷம் காயத்துலருந்து நரம்பு வழியா மேல ஏறிப் போய், அந்தச் சொட்ட வெளிய விடாம பூட்டிடுது. அதனால சின்னச் சத்தம், வெளிச்சம், ஒரு விரலு பட்டாக்கூட, அது உடம்பு பூரா ஓடி எல்லா தசையையும் ஒரே நேரத்துல இழுக்குது."

"மூளைக்கு?"

"மூளைக்கு ஒண்ணும் இல்ல. அவருக்கு எல்லாம் கேக்கும், எல்லாம் வலிக்கும், எல்லாம் தெரியும்."

ஆறுதலுக்காகத்தான் அப்படிச் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. மயக்கமாகவாவது கிடந்தால் தேவலையே என்று நினைத்தேன்.

அந்தச் சொட்டுகளுக்குப் பெயர் கிளைசின், காபா (இரண்டும் நரம்பின் துடிப்பை அடக்கும் இரசாயனங்கள்) என்று பிறகு சொல்லிக் கொடுத்தார். ஒருவர் கையை நீட்டும்போது மடக்கும் தசை சும்மா இருக்க வேண்டும். அதைச் சும்மா இருக்கச் சொல்வதும் இவைதானாம். சும்மா இருப்பதற்கும் உடம்புக்குள் ஒரு வேலைக்காரன் வேண்டியிருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நாம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறோம் என்றால் யாரோ நம்மை ஓயாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வைத்தியம் என்று பார்த்தால் மூன்று. காயத்தை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். விஷமுறி ஊசி (இரத்தத்தில் திரியும் விஷத்தைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் மருந்து) போட்டார்கள். ஆனால் நரம்புக்குள் ஏற்கெனவே ஏறிய விஷத்தை எந்த ஊசியாலும் இறக்க முடியாதாம். அது தானாக விடும்வரை ஆளை உயிரோடு வைத்திருப்பதுதான் மூன்றாவது வைத்தியம். அதற்கு டையஸிபாம் (காபாவுக்குக் கைகொடுத்துத் தசையைத் தளர்த்தும் மருந்து) கொடுத்தார்கள். குரல்வளை இறுகி மூச்சடைக்கும் என்பதால் டிராக்கியோஸ்டமி (தொண்டையில் துளையிட்டுக் குழாய் வழியாக மூச்சுவிட வைப்பது) செய்தார்கள். மூக்கு வழியாகச் சோற்றுக்கஞ்சி. இவ்வளவுக்கும் மேல் ஒரு மருந்து இருந்தது. அது அமைதி. அதை ஆஸ்பத்திரியால் கொடுக்க முடியாது, வீட்டார்தான் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

கடைசி அறையில் போட்டார்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. காதில் பஞ்சு. கதவுக்குக் கீழே சாக்கு மடித்துப் போட்டிருந்தது. ரொக்கியா என்னிடம் மலாயில் சொன்ன முதல் வார்த்தையே தொடாதே என்பதுதான். மருந்து ஏறி உடம்பு தளர்ந்த கொஞ்ச நேரத்தில் அவளும் இன்னொருத்தியும் வந்து, துடைப்பது, புரட்டுவது, சளி உறிஞ்சுவது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டுப் போவார்கள். அந்த நேரத்தில் நான் கால்மாட்டில் நிற்கலாம். நிற்க மட்டும்தான் அனுமதி.

கல்யாணமான நாள் முதல் அந்த மனிதருக்குத் தலைவலி என்றால் தைலம் தேய்த்தவள் நான். காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவள். இப்போது நெற்றியில் வேர்வை வழிகிறது, ஒரு துணியை எடுத்து ஒற்ற முடியவில்லை. கையை என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆளைக் காப்பது ஒரு வேலை என்றால், வருகிறவர்களைத் தடுப்பது அதைவிடப் பெரிய வேலை. நம் ஆட்கள் நோயாளியைப் பார்க்க வருவது உங்களுக்குத் தெரியும். ஆரஞ்சும் மைலோ டின்னும் வாங்கிக்கொண்டு கூட்டமாக வருவார்கள். வந்ததும் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். நெற்றியையோ காலையோ தொட வேண்டும். "என்னை யாருன்னு தெரியுதா?" என்று கேட்க வேண்டும். கண் கலங்க வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் போனால் பாசம் இல்லை என்று ஆகிவிடும். முதல் நாள் அவருடைய பட்டறைக் கூட்டாளி ஒருவர், நல்ல மனுசன், "டேய் மச்சான்!" என்று தோளைத் தொட்டார். அடுத்த நிமிடம் கட்டில் நடுங்கியது. அந்த ஆள் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

அன்றிலிருந்து வாசல் பெஞ்சு என் இடம். ஆலைக்கு லீவு சொல்லிவிட்டேன். செல்வி பக்கத்து வீட்டில். யார் வந்தாலும் எழுந்து கதவை மறைத்து நிற்பேன். "உள்ள போக முடியாதுண்ணே, டாக்டரு சொல்லிட்டாரு" என்று கிசுகிசுப்பேன். பாதிப் பேர் புரிந்துகொண்டார்கள். மீதிப் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள். ஒரு அம்மாள் மைலோ டின்னையும் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு பாக்கியம் அண்ணி வந்தார்.

தனியாக வரவில்லை. தோட்டத்து வேன் ஒன்றில் பூசாரி, பூசாரிக்குத் துணை, சொந்தக்காரர்கள் என்று ஒரு கூட்டம். பூசாரி கையில் துணிப்பை. அதன் வடிவத்தைப் பார்த்ததுமே உள்ளே உடுக்கை இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அண்ணி தோட்டத்திலேயே பெரிய குரல்காரர். தன் பால்மர வெட்டில் நின்று கூப்பிட்டால் அடுத்த ஆளின் வெட்டில் கேட்கும்.

"எந்தம்பிய நான் பாக்கணும். வழிய விடு புள்ள."

"அண்ணி, மெதுவா. சத்தம் கேட்டா அவருக்கு இழுக்குது."

"சத்தத்துக்கா இழுக்குது? ஆத்தா கோவத்துக்கு இழுக்குது! காலு சுட்டிருக்காம்ல, மறைச்சி வெச்சிருக்கீங்க. ரெண்டு வருசம் சுடாத தீ மூணாவது வருசம் எப்படிச் சுடும்? நீ தொட்டிருப்ப. விரதத்துல இருந்தவன நீதான் தொட்டிருப்ப!"

தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எந்தப் பேச்சு என்மேல் வரக்கூடாது என்று அவர் அந்த நிலைக்குப் போனாரோ அதே பேச்சு, அதுவும் அவருடைய அக்கா வாயிலிருந்து, அவர் காதுக்கு எட்டும் தூரத்தில். எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டும்.

"நான் தொடல அண்ணி" என்றேன்.

"பூசாரி ரெண்டு தட்டுத் தட்டி, துன்னூறு போட்டா ஆத்தா எறங்கிருவா. அத்தாங் கேக்குறேன். ஏன்டி தடுக்குற?" என்றவர், அதற்கு மேல் தாங்காமல் மார்பில் கைவைத்து, "ஐயோ என் ராசா, எந்தம்பி..." என்று குரலெடுத்தார்.

கதவுக்குப் பின்னால் கட்டில் ஆடும் சத்தம் கேட்டது.

நான் என்ன செய்தேன் என்பது செய்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணியின் வாயைப் பொத்திவிட்டேன். மெதுவாக இல்லை. ஒரு கை பிடரியில், ஒரு கை வாயில், அழுத்திப் பொத்தினேன். கணவருடைய அக்காவை, என்னைவிடப் பல வயது மூத்தவரை, ஊர் பார்க்க. அவருடைய கண் பிதுங்கியது. மூக்கால் மூச்சு வாங்கினார். பூசாரி ஒரு அடி பின்னால் போய்விட்டார்.

அப்படியே அவரைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவிலிருந்த சின்னக் கண்ணாடியில் முகத்தைக் காட்டினேன். உள்ளே மங்கலாகத் தெரிந்தது. வளைந்த முதுகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. ரொக்கியா குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது அடங்கவும், எங்களுக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய கையிலிருந்து எவர்சில்வர் தூக்குச்சட்டி தரையில் விழவும் சரியாக இருந்தது. அண்ணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே தம்பியின் உடம்பு மறுபடியும் எழும்பியது.

என் கைக்குள் அவருடைய வாய் நடுங்கியது. நான் கையை எடுத்தேன். அவர் சத்தம் போடவில்லை.

"சத்தந்தானா?" என்றார், காற்றாக.

"சத்தந்தான் அண்ணி."

பூசாரியைக் கண்ணாலேயே போகச் சொன்னார். வேனும் கூட்டமும் திரும்பிப் போயின. அண்ணி போகவில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னோடு பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தாழ்வாரத்தில் ஒருத்தர் செருப்பைத் தேய்த்து நடந்தால் போதும், முறைத்தே அவரைச் செருப்பைக் கழற்ற வைத்துவிடுவார். வந்தவர்களை நான் கெஞ்சி அனுப்பினேன், அவர் விரலை உதட்டில் வைத்து விரட்டி அனுப்பினார். நான் வீட்டுக்குப் போய்ச் செல்வியைப் பார்த்துவிட்டு வர முடிந்தது அவரால்தான். இதை எழுதும்போதும் அதை மறக்கவில்லை. அவரும் மறக்கவில்லை. போன தீபாவளிக்குக்கூட, "எம் வாயப் பொத்தினவதானே நீ" என்று பலகாரத் தட்டைத் தள்ளினார்.

மனிதர்களைத் தடுக்கலாம். ஈப்போவின் சாயங்கால இடியை யார் தடுப்பது? மதியம் கடந்ததும் சுண்ணாம்பு மலைப் பக்கம் கறுக்கும். நாங்கள் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். முதல் இடிக்கு அண்ணி என் கையைப் பிடித்துக்கொள்வார். பேசாமல்தான். டாக்டர் மழைக்கு முன்னால் மருந்து போகும்படி நேரத்தை மாற்றிக் கொடுத்தார். அப்படியும் சில நாள் இடி ஜெயித்தது.

உங்களுக்கும் இப்படித்தான் நாள் குழம்பிப் போகும். கிழமை மறந்துவிடும். நாள் என்பது மருந்துக்கு முன், மருந்துக்குப் பின் என்று ஆகிவிடும். களைப்பு என்றால் தூக்கம் வருவது என்று நினைத்திருந்தேன். அது இல்லை. ஒருவர் என்ன சொன்னாலும் சரி என்று தலையாட்டுவது, சாப்பிட்டோமா என்று நினைவில்லாமல் போவது, அவர் செத்துவிட்டால் படுத்துக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடுவது. ஓடும். ஓடினால் பயந்துவிடாதீர்கள். நீங்கள் கெட்டவர் ஆகிவிடவில்லை.

இழுப்புகள் ஒரே நாளில் நிற்கவில்லை. ஒரு பெரிய இடிக்கு உடம்பு எழும்பாமல் வெறுமனே விறைத்தது. அது ஒரு அடையாளம் என்றார் டாக்டர். பிறகு ரொக்கியா துணியைக் கறுப்பிலிருந்து பச்சைக்கு மாற்றினாள். பஞ்சை எடுத்தாள். நரம்பு நுனிகள் புதிதாக முளைத்து, பூட்டிய கதவுக்குப் பதில் வேறு கதவு திறக்கிறது என்று டாக்டர் விளக்கினார். ஒரு நாள் என்னைப் பார்த்து, "இன்னிக்குத் தொட்டுப் பாருங்க. தடவாதீங்க, லேசாத் தொட்டாத்தான் கூசும். அழுத்தி வைங்க" என்றார்.

முழங்காலுக்குக் கீழே கையை வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. காலில் சதையே இல்லை. சூடு இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கழுத்து திரும்புகிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் பாதி ஆளாக இருந்தார். விரலை மடக்கி ஸ்பானரைப் பிடிக்கப் பல மாதம் பிடித்தது. போர்வை ஓரம் கணுக்காலில் உரசினால் விறைப்பார். செல்வி பென்சில் டப்பாவைக்கூடத் துணியில் சுற்றி வைக்கக் கற்றுக்கொண்டாள். இன்னொன்று, இதை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்: இந்த நோய் ஒரு தடவை வந்தால் மறுதடவை வராது என்று இல்லை. வந்து பிழைத்தவரும் தடுப்பூசி போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். நாங்கள் மூவரும் போட்டுக்கொண்டோம். அண்ணியையும் இழுத்துப் போய்ப் போட வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பற்றி அவர் பேசவே மாட்டார். எப்போதாவது ஒரு வரி வரும். "சத்தம் காதுல கேக்காது சரசு. மொதல்ல முதுகுலதான் வந்து விழும்" என்பார். வெளியே கிறீச்சிட்டுப் போன தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட யாருக்கும் தோன்றவில்லையே என்று மெக்கானிக்காக ஆத்திரப்படுவார். அதோடு சரி.

தொடுவது மட்டும் எனக்குப் பழையபடி வரவில்லை. கை அவருடைய தோலுக்குச் சற்று முன்னால் நின்றுவிடும். கேட்டுவிட்டுத்தான் தொடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் முதுகில் தைலம் தேய்க்க உட்கார்ந்தேன். "என்னங்க, தொடவா?" என்று கேட்டேன்.

"இப்ப கேக்குற" என்றார், திரும்பாமல்.

"என்ன?"

"அங்க இழுத்துக்கிட்டுக் கெடந்தப்ப ஒரு தடவகூட நீ தொடலயே. மிஸ்ஸிங்க வந்து தொட்டாங்க, தொடச்சாங்க. நீ கால்மாட்டுல கைய முந்தானைல ஒளிச்சிக்கிட்டு நின்ன. அக்கா வெளிய கத்துனது எனக்குக் கேட்டுச்சி. ஒம்மேல பழி வந்துருச்சேன்னு, என்னால வந்துச்சேன்னு, நீ கோவத்துல தொடாம நிக்கிறன்னு நெனச்சேன். இழுப்புகூட வந்துட்டுப் போயிரும். இது போகல."

எனக்குத் தைலப் பாட்டிலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எனக்கு டாக்டர் விளக்கினார். நான் அண்ணிக்கு விளக்கினேன். அண்ணி ஊருக்கே விளக்கினார். தோட்டத்து வேன் டிரைவருக்குக்கூடத் தெரியும், மாணிக்கத்தைத் தொட்டால் இழுக்கும் என்று. எல்லாம் கேட்டுக்கொண்டு, எல்லாம் தெரிந்துகொண்டு, அசையாமல் கிடந்த ஒரே ஒரு ஆளிடம் மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நான் முதன்முதலாகத் தொட்ட நாளில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பியது எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சொன்னேன். டாக்டர் சொன்னதை, பிரேக்கை, சொட்டை, தொட்டால் செத்துப் போவீர்கள் என்று பயந்து கையை முந்தானையில் சுற்றிக்கொண்டதை, எல்லாவற்றையும். சொல்லி முடிக்கும்வரை அவர் திரும்பவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. இழுப்பு இல்லை. இழுப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கையை வைத்தேன், அழுத்தி.

அதனால்தான் உங்களுக்கு இதைச் சொல்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரே, மருந்து ஏறி உடம்பு தளர்ந்ததும் மிஸ்ஸியிடம் கேட்டுக்கொண்டு, உள்ளே போய், மூச்சளவு குரலில் அவரிடம் ஒரு வரி சொல்லிவிடுங்கள். ஏன் யாரும் தொடவில்லை என்று.

இப்போது வருடங்கள் ஓடிவிட்டன. அவருக்கு ஒரு குறையும் இல்லை. தீபாவளிக்குப் பேரப்பிள்ளைகள் பட்டாசு வெடித்தால் நின்று பார்க்கிறார். எனக்குத்தான் கை இன்னும் நடுவில் நிற்கிறது. அவர் தோலுக்கும் என் விரலுக்கும் நடுவே அந்த இருட்டறை ஒரு விநாடி வந்துவிட்டுப் போகிறது. அந்த ஒரு விநாடி எனக்கு நீளமானது. அதைக் கடக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். தொடுவதற்கு முன்னால் வாயால் சொல்லிவிடுவேன்.

"நாந்தான்."

"தெரியும்லா" என்பார்.

அதற்குப் பிறகுதான் தொடுவேன்.